பத்து வெப்சைட், ஒரே சாவிக்கொத்து: வேர்ட்பிரஸ் பிளக்இன்களை அப்டேட் செய்வது எப்படி?

திருவண்ணாமலைக்குப் பௌர்ணமி கிரிவலம் வருபவர்களில் பலர் இப்போது ஊரில் இருந்து கிளம்பும் முன்பே ரூம் தேடி விடுகிறார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை எந்தப் பக்கம் தொடங்குகிறது, கோவிலுக்கு அருகில் எந்த லாட்ஜ் இருக்கிறது, கார் நிறுத்த இடம் உண்டா என்று எல்லாவற்றையும் மொபைலிலேயே பார்த்து விடுகிறார்கள். அதனால் லாட்ஜ், ஓட்டல், டிராவல்ஸ் என்று சிறு தொழில் செய்பவர்களும் வெப்சைட் வைத்துக் கொள்கிறார்கள்.

இந்த மாதிரி வெப்சைட்டுகளைச் செய்து கொடுப்பவர் பெரும்பாலும் பெரிய கம்பெனி கிடையாது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய ஒரு கல்லூரி மாணவர் சொந்தக்காரர் ஒருவரின் லாட்ஜுக்கு ஒரு தளம் செய்து கொடுத்தார் என்று வைத்துக் கொள்வோம். அது நன்றாக இருந்தால் பக்கத்துக் கடைக்காரர் கேட்பார். பிறகு அவருடைய நண்பர் கேட்பார். ஒரு வருடத்தில் பத்து வெப்சைட் கையில் வந்து சேர்ந்து விடும். செய்து கொடுப்பது ஒரு வாரத்து வேலை. அதைப் பழுதில்லாமல் வைத்திருப்பதுதான் வருடம் முழுவதும் உள்ள வேலை. அந்த வேலையின் முக்கியமான பகுதி பிளக்இன் அப்டேட். அதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

பிளக்இன் என்றால் என்ன?

வேர்ட்பிரஸ் என்பது வெப்சைட் நடத்த உதவும் இலவச சாப்ட்வேர். மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் 2003ஆம் ஆண்டு மே மாதம் இதை வெளியிட்டார்கள். இன்று உலகில் உள்ள வெப்சைட்டுகளில் 40 சதவீதத்துக்கும் மேல் இதில்தான் ஓடுகின்றன. இது உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதில்லை. ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். நீங்கள் பிரவுசர் மூலம் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய் வேலை செய்கிறீர்கள்.

வேர்ட்பிரஸை ஒரு வீடு என்று வைத்துக் கொண்டால், பிளக்இன் என்பது அதில் நாம் மாட்டும் மின்விசிறி, மோட்டார், கேஸ் அடுப்பு மாதிரி. ரூம் புக்கிங் படிவத்துக்கு ஒரு பிளக்இன், படங்களைக் காட்ட ஒன்று, பேக்கப் எடுக்க ஒன்று என்று தேவைக்கு ஏற்றபடி சேர்த்துக் கொள்ளலாம். இந்த வசதி 2004ல் வெளியான வேர்ட்பிரஸ் 1.2 பதிப்பில் வந்தது. ஒவ்வொரு பிளக்இன்னையும் எழுதுபவர் வேறு வேறு ஆள். ஒருவர் கவனமாக எழுதுவார். இன்னொருவர் பாதியில் விட்டுவிட்டுப் போய் விடுவார். பிரச்னை தொடங்குவது இங்கேதான்.

அப்டேட் ஏன் வருகிறது?

மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, புதிய வசதி சேர்ப்பது. இரண்டாவது, வேர்ட்பிரஸின் புதிய பதிப்போடு ஒத்துப் போகும்படி மாற்றுவது. மூன்றாவது, பாதுகாப்பில் உள்ள ஓட்டையை அடைப்பது. முதல் இரண்டும் ஒரு வாரம் தள்ளிப் போனால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. மூன்றாவது அப்படியல்ல.

ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பை வெளியிட்ட அன்றே, அங்கே ஓட்டை இருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்து விடுகிறது. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த வரி மாறியிருக்கிறது என்று ஒரு திருடன் கண்டுபிடித்து விடலாம். அதாவது அப்டேட் வெளியானவுடன், அதைச் செய்யாதவர்களின் ஆபத்து முன்பைவிட அதிகமாகிறது. இதை முதலில் மனதில் நிறுத்திக் கொள்ளுங்கள்.

திருடன் ஒவ்வொரு தளமாக உட்கார்ந்து பார்ப்பதில்லை. அவனுடைய புரோகிராம் ஆயிரக்கணக்கான தளங்களைத் தானாகவே தட்டிப் பார்க்கும். எனவே "நம்முடையது சின்ன லாட்ஜ், இதில் என்ன இருக்கிறது?" என்று நினைப்பது சரியல்ல. உள்ளே புகுந்தவன் புக்கிங் படிவத்தில் வாடிக்கையாளர் கொடுத்த பெயர், போன் நம்பரை எடுக்கலாம். பணம் செலுத்தும் பக்கத்தை மாற்றி வைக்கலாம். கூகுள் அந்தத் தளத்தை ஆபத்தானது என்று குறித்து விட்டால், பௌர்ணமிக்கு முந்தைய நாள் ரூம் தேடி வருபவருக்குச் சிவப்பு எச்சரிக்கைதான் தெரியும்.

ஒரு தளம் என்றால் எளிது

ஒரே ஒரு தளம் இருந்தால் வேலை சுலபம். டாஷ்போர்டில் நுழைந்து இடது பக்க மெனுவில் அப்டேட்ஸ் என்பதைக் கிளிக் செய்யுங்கள். புதிய பதிப்பு வந்துள்ள பிளக்இன்கள் வரிசையாகத் தெரியும். வேண்டியதை டிக் செய்து அப்டேட் பிளக்இன்ஸ் என்பதை அழுத்தினால் முடிந்தது.

பத்து தளங்கள், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பிளக்இன் என்றால் மொத்தம் 120. பத்து பாஸ்வேர்டு, பத்து முறை உள்ளே நுழைவது, பத்து முறை சரிபார்ப்பது. இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்வோம், மூன்றாவது மாதம் தேர்வு வந்து விடும், அல்லது வீட்டில் கல்யாணம் வந்து விடும். அதனால்தான் எல்லாத் தளங்களையும் ஒரே திரையில் காட்டும் சாப்ட்வேர்கள் வந்தன. மெயின்டபிள்யூபி, மேனேஜ்டபிள்யூபி ஆகியவை இந்த வகை. நம் சென்னையில் இருந்தும் இப்படி ஒன்று வந்தது. ரெவ்மேக்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கிய இன்பினிட்டிடபிள்யூபி அது.

ஒரே திரையில் எல்லாத் தளமும்

இவை வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு தலைமைத் திரை இருக்கும். இன்பினிட்டிடபிள்யூபி, மெயின்டபிள்யூபி இரண்டிலும் இந்தத் திரையை நம்முடைய சொந்த சர்வர் இடத்திலேயே நிறுவிக் கொள்ளலாம். மேனேஜ்டபிள்யூபியில் அது அந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். அடுத்து, நாம் பார்த்துக் கொள்ளும் ஒவ்வொரு தளத்திலும் ஒரு சிறிய இணைப்பு பிளக்இன்னை நிறுவ வேண்டும். தலைமைத் திரை அனுப்பும் உத்தரவைக் கேட்டு, அந்தத் தளத்தில் அப்டேட் செய்வது இதன் வேலை. பத்து தளங்களில் என்னென்ன பழையதாக இருக்கிறது என்பது ஒரே பட்டியலில் தெரியும். ஒரே கிளிக்கில் எல்லாவற்றையும் மாற்றலாம்.

வசதிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். பத்து வீட்டுச் சாவியையும் ஒரே கொத்தில் கோத்து இடுப்பில் செருகியிருக்கிறோம். கொத்து தொலைந்தால் பத்து வீடும் போச்சு. இது வெறும் பயமல்ல, ஒரு முறை நடக்கவும் இருந்தது.

2020 ஜனவரியில் நடந்தது

2020 ஜனவரி மாதம், இன்பினிட்டிடபிள்யூபியின் இணைப்பு பிளக்இன்னில் பெரிய ஓட்டை ஒன்று இருப்பதை வெப்ஆர்எக்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. வேர்ட்பிரஸின் பிளக்இன் பட்டியல் கணக்குப்படி அப்போது அந்த பிளக்இன் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்தது. தலைமைத் திரையில் இருந்து வருவது போலத் தோற்றமளிக்கும் ஒரு செய்தியை அனுப்பினால் போதும். அதில் நிர்வாகியின் யூசர் நேம் சரியாக இருந்தால், பாஸ்வேர்டே கேட்காமல் அவராகவே உள்ளே விட்டு விடும். செய்தியை அனுப்பியவர் உண்மையில் யார் என்று சரிபார்க்கும் ஒரு சோதனை, புரோகிராமின் ஒரு இடத்தில் விடுபட்டிருந்தது. அவ்வளவுதான். பலர் யூசர் நேமை அட்மின் என்றே வைத்திருப்பதால் அதை ஊகிப்பதும் கஷ்டமில்லை.

ஜனவரி 7ஆம் தேதி ரெவ்மேக்ஸுக்குத் தகவல் சொல்லப்பட்டது. மறுநாளே அவர்கள் சரி செய்து 1.9.4.5 பதிப்பை வெளியிட்டார்கள். அவர்களுடைய பேக்கப் பிளக்இன்னான டபிள்யூபி டைம் கேப்சூலிலும் இதே போன்ற ஓட்டை இருந்தது. அதையும் சரி செய்தார்கள். ஒரு வாரம் இடைவெளி கொடுத்து ஜனவரி 14ஆம் தேதி இந்த விஷயம் பொதுவாக அறிவிக்கப்பட்டது.

ஒரே நாளில் சரி செய்தது பாராட்ட வேண்டிய வேகம். ஆனால் அந்த அப்டேட் தானாகவே எல்லாத் தளத்துக்கும் போய்ச் சேர்ந்து விடாது. அந்த ஒரு வாரத்தில் தலைமைத் திரையைத் திறந்து பார்த்தவர்கள் தப்பித்தார்கள். ஒரு காலத்தில் இணைப்பு பிளக்இன்னை நிறுவிவிட்டு, பிறகு வேறு கருவிக்கு மாறி, இதை நீக்க மறந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். பூட்டாத கதவு ஒன்று தங்கள் தளத்தில் இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இதில் இருந்து நமக்கு இரண்டு விதிகள் கிடைக்கின்றன. ஒன்று, அப்டேட் செய்யும் நாளில் முதலில் அப்டேட் ஆக வேண்டியது சாவிக்கொத்துதான், அதாவது தலைமைத் திரையும் இணைப்பு பிளக்இன்னும். இரண்டு, பயன்படுத்தாத இணைப்பு பிளக்இன்னை டிஆக்டிவேட் செய்தால் மட்டும் போதாது. டெலீட் செய்ய வேண்டும்.

அப்டேட் செய்யும் வரிசை

1. முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் அல்லது எக்ஸெல் பைல் தயார் செய்யுங்கள். தளத்தின் பெயர், சொந்தக்காரர், ஹோஸ்டிங் எங்கே, என்னென்ன பிளக்இன், கடைசியாக அப்டேட் செய்த தேதி, பணம் கட்டிய பிளக்இன்களின் லைசென்ஸ் முடியும் தேதி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பாஸ்வேர்டை இதில் எழுதாதீர்கள்.

2. தேவையில்லாத பிளக்இன்களை டெலீட் செய்யுங்கள். பன்னிரண்டு எட்டாகக் குறைந்தால், பத்து தளத்தில் நாற்பது வேலை குறைகிறது. முடிந்தவரை எல்லாத் தளத்திலும் ஒரே வேலைக்கு ஒரே பிளக்இன்னைப் பயன்படுத்துங்கள். ஒரு தளத்தில் சோதித்தது மற்றவற்றுக்கும் பொருந்தும்.

3. பேக்கப் எடுங்கள். பைல்கள், டேட்டாபேஸ் இரண்டும் வேண்டும். எழுதிய கட்டுரைகளும் வந்த புக்கிங்குகளும் டேட்டாபேஸில்தான் இருக்கும். பேக்கப் பைலை அதே சர்வரில் வைத்தால் பயனில்லை. உங்கள் கம்ப்யூட்டருக்கு டவுன்லோட் செய்து கொள்ளுங்கள்.

4. தலைமைத் திரையையும் இணைப்பு பிளக்இன்னையும் அப்டேட் செய்யுங்கள்.

5. அப்டேட் பட்டியலில் ஒவ்வொரு பிளக்இன்னுக்கும் உள்ள விவரத்தைத் திறந்து சேஞ்ச்லாக் பகுதியைப் படியுங்கள். செக்யூரிட்டி என்ற வார்த்தை இருந்தால் அது இன்றைய வேலை. மற்றவை இந்த வார வேலை.

6. எல்லாவற்றையும் டிக் செய்து ஒரே கிளிக் கொடுக்காதீர்கள். புக்கிங் இல்லாத, கூட்டம் குறைந்த ஒரு தளத்தில் முதலில் அப்டேட் செய்யுங்கள். முதல் பக்கம், தொடர்பு படிவம், படங்கள் ஆகியவற்றைக் கம்ப்யூட்டரிலும் மொபைலிலும் பாருங்கள். படிவத்தில் நீங்களே ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, மெயில் வருகிறதா என்று பாருங்கள்.

7. சாதாரண அப்டேட் என்றால் ஒரு நாள் விட்டு மற்ற தளங்களில் செய்யலாம். பாதுகாப்பு அப்டேட் என்றால் சோதித்த கையோடு மற்றவற்றையும் முடித்து விடுங்கள். ரூம் புக்கிங் உள்ள தளங்களைக் கடைசியாகச் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு சோதனை புக்கிங் போட்டுப் பாருங்கள்.

8. யூசர்ஸ் பகுதியில் உங்களுக்குத் தெரியாத அட்மினிஸ்ட்ரேட்டர் யாராவது இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, நோட்டில் தேதி போடுங்கள்.

கடைசி விதி ஏன் என்று கேட்பீர்கள். 2024 ஜூன் மாதம் சோஷியல் வார்பேர் உட்பட சில பிளக்இன்களின் அப்டேட்டிலேயே திருட்டு புரோகிராம் சேர்க்கப்பட்டது. பிளக்இன் எழுதியவர்கள் வேறு இடத்தில் கசிந்த பாஸ்வேர்டையே இங்கும் வைத்திருந்ததால், திருடர்கள் அவர்கள் பெயரில் நுழைந்து விட்டார்கள். அந்த புரோகிராம் செய்த முதல் வேலை, தளத்தில் புதிய அட்மினிஸ்ட்ரேட்டரை உருவாக்கியதுதான். எனவே தலைமைத் திரைக்கு வேறு எங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டும், மொபைல் மூலம் இரண்டாவது சோதனையும் கட்டாயம் வையுங்கள்.

தானாகவே அப்டேட் ஆகட்டுமே?

2020 ஆகஸ்டில் வந்த வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பில் இருந்து, பிளக்இன்ஸ் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே எனேபிள் ஆட்டோ அப்டேட்ஸ் என்ற வசதி இருக்கிறது. அதைக் கிளிக் செய்தால் ஒரு நாளைக்கு இரண்டு முறை வேர்ட்பிரஸ் தானாகவே பார்த்து அப்டேட் செய்யும். 2024 ஜூலையில் வந்த 6.6 பதிப்பில் இன்னொரு பாதுகாப்பும் சேர்ந்தது. தானாக அப்டேட் ஆன பிளக்இன்னால் தளமே நின்று போகும் அளவுக்குப் பிழை வந்தால், பழைய பதிப்புக்கே திரும்பி விடும்.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். தளம் முழுதாக நின்றால்தான் அது திரும்பும். புக்கிங் பட்டன் மட்டும் வேலை செய்யாமல் போனால் அதற்குத் தெரியாது. இன்னொன்று, சாதாரணமாக இந்த வேலையைத் தூண்டி விடுவதே தளத்துக்கு வரும் பார்வையாளர்கள்தான். யாருமே வராத தளத்தில் அது தள்ளிக் கொண்டே போகலாம்.

எனவே இப்படிப் பிரித்துக் கொள்ளுங்கள். இணைப்பு பிளக்இன், பாதுகாப்பு பிளக்இன், பேக்கப் பிளக்இன் ஆகியவற்றுக்கு ஆட்டோ அப்டேட் இருக்கட்டும். புக்கிங், பணம் செலுத்துதல் தொடர்பானவற்றை நீங்களே சோதித்துச் செய்யுங்கள்.

தீபத்துக்கு முன் அப்டேட் செய்யலாமா?

திருவண்ணாமலைத் தளங்களுக்குத் தனியாக ஒரு காலண்டர் வேண்டும். பௌர்ணமிக்கு முந்தைய மூன்று நாட்களில் சாதாரண அப்டேட்டைத் தொடாதீர்கள். பௌர்ணமி முடிந்த அடுத்த வாரம் அதற்குச் சரியான நேரம். பத்து நாள் நடக்கும் கார்த்திகை தீபத் திருவிழாவுக்கு, கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் முடித்து விடுங்கள். "அப்படியானால் தீபம் முடியும் வரை எதையும் தொடவே கூடாதா?" என்று கேட்டால், பாதுகாப்பு அப்டேட்டுக்கு இந்தத் தடை கிடையாது.

ஒரு உதாரணம். 2024ல் மகா தீபம் டிசம்பர் 13ஆம் தேதி. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, நவம்பர் நடுவில், ரியலி சிம்பிள் செக்யூரிட்டி என்ற பிளக்இன்னில் பெரிய ஓட்டை இருந்தது வெளியானது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அது இருந்தது. பாதுகாப்புக்காகவே வைக்கும் பிளக்இன் அது! அதில் மொபைல் மூலம் இரண்டாவது சோதனை வைக்கும் வசதியை ஆன் செய்திருந்தவர்களின் தளத்துக்குள் யாரும் நுழைய முடியும் என்ற நிலை. 9.1.2 பதிப்பில் அது சரி செய்யப்பட்டது. ஆபத்து பெரிது என்பதால் வேர்ட்பிரஸ் நிர்வாகமே தளங்களில் கட்டாயமாக அப்டேட் செய்ய வைத்தது. ஆனால் பணம் கட்டும் பதிப்பை வைத்திருந்து, லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டவர்களுக்கு அது தானாகப் போய்ச் சேராமல் இருக்க வாய்ப்பு இருந்தது. நோட்டில் லைசென்ஸ் தேதியை எழுதச் சொன்னது இதற்காகத்தான். "தீபம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று ஒரு மாதம் விட்டிருந்தால் கூட்டம் வரும் நேரத்தில் தளம் திறந்து கிடந்திருக்கும்.

தளம் நின்று போனால்?

பதற வேண்டாம். கீழே உள்ளவற்றை வரிசையாக முயன்று பாருங்கள்.

பராமரிப்பு நடப்பதால் தளம் சிறிது நேரம் கிடைக்காது என்ற ஆங்கிலச் செய்தி நெடுநேரம் நின்றால், அப்டேட் பாதியில் நின்றிருக்கலாம். ஹோஸ்டிங்கின் பைல் மேனேஜரில் போய், மறைந்துள்ள பைல்களைக் காட்டும்படி செய்யுங்கள். புள்ளியில் தொடங்கும் மெயின்டனன்ஸ் என்ற பைல் இருக்கும். அதை நீக்கினால் தளம் வந்து விடும். பிறகு பாதியில் நின்ற பிளக்இன்னை மறுபடி அப்டேட் செய்யுங்கள்.

தளத்தில் பெரிய பிழை என்று வந்தால், முதலில் நிர்வாகியின் மெயிலைப் பாருங்கள். 2019ல் வந்த 5.2 பதிப்பில் இருந்து, எந்த பிளக்இன்னால் பிழை என்று சொல்லி, உள்ளே நுழைய ஒரு தனி இணைப்பையும் வேர்ட்பிரஸ் மெயிலில் அனுப்புகிறது. மெயில் வரவில்லை என்றால், பைல் மேனேஜரில் பிளக்இன்ஸ் போல்டருக்குள் அந்த பிளக்இன்னின் போல்டர் பெயரை மாற்றி விடுங்கள். அது நின்று விடும், தளம் எழுந்து கொள்ளும். அதுவும் பலிக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது பேக்கப். ஆனால் பேக்கப் எடுத்த பிறகு வந்த புக்கிங்குகள் அதில் இருக்காது. திரும்பப் போடும் முன் அவற்றைத் தனியாகக் குறித்துக் கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். நீங்கள் படிப்பை முடித்து வேலைக்காக வெளியூர் போய் விடலாம். லாட்ஜ்காரர் இங்கேதான் இருப்பார். நோட்டில் அவருடைய தளத்துக்கான பக்கத்தை ஒரு பிரதி எடுத்து அவரிடம் கொடுங்கள். நிர்வாகி மெயில் முகவரியாகவும் ஹோஸ்டிங் கணக்கிலும் அவருடைய பெயரே இருக்கட்டும். பொறுப்பை விட்டு விலகும் நாளில் உங்கள் இணைப்பு பிளக்இன்னை அந்தத் தளத்தில் இருந்து நீக்கி, உங்கள் யூசர் கணக்கையும் நீக்கி விடுங்கள். உங்கள் பெயரில் உள்ள பக்கங்களை அவர் பெயருக்கு மாற்றும்படி வேர்ட்பிரஸ் அப்போது கேட்கும். அதற்கு ஒப்புக் கொடுத்து முடித்தால், அந்த வீட்டுச் சாவி உங்கள் கொத்தில் இருந்து ஒழுங்காகக் கழன்று விட்டது என்று அர்த்தம்.